ஒரு நிரப்பலுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்

"பதினொண்ணு வருது அத்தை" என்றாள் அண்ணன் மகள். நான் ஒன்பது என்று சொல்லியிருந்தேன்.

கேள்வி இதுதான். மூன்று கட்டம் உயரமும் நான்கு கட்டம் நீளமும் உள்ள ஒரு பட்டை. ஒவ்வொன்றும் இரண்டு கட்டத்தை மூடும் டாமினோ கட்டைகளால் அதை நிரப்ப வேண்டும். இடைவெளி கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. எத்தனை வழி?

நான் மனக்கணக்காகச் சொல்லிவிட்டேன். 3×2 பட்டைக்கு மூன்று வழி: மூன்று கட்டையையும் படுக்க வைக்கலாம், மேலே ஒன்றைப் படுக்க வைத்துக் கீழே இரண்டை நிறுத்தலாம், அதையே தலைகீழாகவும் செய்யலாம். 3×4 என்பது இரண்டு 3×2. மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது. அவள் பதில் பேசாமல் கட்டம் போட்ட நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நிறம் தீட்டி, பதினொரு படம் வரைந்திருந்தாள். கடைசி இரண்டு படத்தின் மேல் விரலை வைத்து, "இதை நடுவுல வெட்டிக் காட்டுங்க" என்றாள்.

வெட்ட முடியவில்லை. மேல் வரிசையில் இரண்டு படுத்த கட்டைகள் அடுத்தடுத்து இருந்தன. கீழ் இரண்டு வரிசையில் இடது ஓரம் ஒன்று நின்றது, வலது ஓரம் ஒன்று நின்றது, நடுவில் இரண்டு கட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகப் படுத்திருந்தன. நடுக்கோட்டில் கத்தி வைத்தால் அந்த நடுக்கட்டைகள் இரண்டும் அறுபடும். இன்னொரு படம் இதன் தலைகீழ். என் ஒன்பதில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை. ஒவ்வொரு நிரப்பலும் இரண்டு நிரலுக்கு ஒருமுறை வாய் மூடிக்கொள்ளும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். (மேலிருந்து கீழாக வரும் கட்டங்களை நிரல் என்கிறேன், பள்ளிக் கணக்கில் சொல்வது போல.)

அன்று இரவு அந்த இரண்டு படம்தான் கண்ணுக்குள் நின்றது. நான் கம்ப்யூட்டரில் எழுத்துத் தொடர்களைச் சலிக்கும் வேலை செய்பவள். பல லட்சம் வரிகளில் எந்த வரி இந்த வடிவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ரெஜெக்ஸ், அதாவது அந்த வடிவத்தைக் குறிகளால் சொல்லும் கோவை, எழுதுவது என் அன்றாடம். அதற்கு அடியில் இருப்பது முறைசார் மொழிகளின் கோட்பாடு. அங்கே மொழி என்றால் எழுத்துகளைக் கோத்துச் செய்த சொற்களின் தொகுதி, அவ்வளவே. பொருள் எதுவும் வேண்டாம். பட்டையை இடமிருந்து வலமாக நிரல் நிரலாகப் பார்த்துக்கொண்டே போனால், நான் ஒரு சொல்லைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சட்டென்று தோன்றியது. நிரப்பல் ஒரு சொல். அப்படியானால் எத்தனை நிரப்பல் என்ற கேள்வி, இந்த நீளத்தில் இந்த மொழியில் எத்தனை சொல் என்ற கேள்வி. அதற்கு எனக்கு வழி தெரியும்.

முதலில் எளிய பட்டை. உயரம் இரண்டு என்றால் நடக்கக்கூடியவை இரண்டே. ஒரு கட்டை நிற்கும், ஒரு நிரல் தீரும். அல்லது இரண்டு கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கும், இரண்டு நிரல் தீரும். முதலாவதற்கு அ என்றும் இரண்டாவதற்கு ஆ என்றும் பெயர் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, இது நம் இலக்கணம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 2×3 பட்டையை நிரப்புவது மூன்று மாத்திரையில் குறிலும் நெடிலும் கலந்து சொல் செய்வது. மெய்யெழுத்தை விட்டுவிட்டால் மூன்றே வடிவம்: இனிய, நிலா, வாழி. மூன்று குறில், குறில் நெடில், நெடில் குறில். பட்டைக்கும் மூன்றே நிரப்பல். நான்கு மாத்திரைக்கு 5, ஐந்துக்கு 8, ஆறுக்கு 13, பத்துக்கு 89.

இந்த எண்களை உலகம் ஃபிபோனாச்சி எண்கள் என்கிறது. அவர் நூல் எழுதியது 1202-இல். வடமொழி யாப்பில் லகு (ஒரு மாத்திரை), குரு (இரண்டு மாத்திரை) இரண்டையும் வைத்து இத்தனை மாத்திரைக்கு எத்தனை வடிவம் என்று சமண அறிஞர் ஹேமசந்திரர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எண்ணியிருக்கிறார். விரகாங்கர் அவருக்கும் பல நூற்றாண்டு முந்தியவர். அவர்கள் எண்ணியது சொற்களை. நான் எண்ணியது கட்டைகளை. கணக்கு ஒன்றேதான் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

மூன்று வரிசைக்கு வருகிறேன். இங்கே அ, ஆ போதாது, ஏனென்றால் வாய் மூடாத இடங்கள் உண்டு. ஒரு நிரலை நிரப்பி முடித்ததும், அடுத்த நிரலுக்குள் எந்தெந்தக் கட்டம் ஏற்கெனவே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். நீட்டினால் 1, இல்லையென்றால் 0, மேலிருந்து கீழாக. 000 என்றால் விளிம்பு நேராக இருக்கிறது. 100 என்றால் மேல் கட்டம் மட்டும் அடைபட்டிருக்கிறது. இதுதான் ஆட்டோமேட்டனின், அதாவது நிலைக்கு நிலை தாவிச் சொல்லைப் படிக்கும் கற்பனை இயந்திரத்தின், நிலை. இதுவரை வந்த வழி முழுவதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. இந்த மூன்று இலக்கம் போதும். ஒருவர் பாதியில் எழுந்து போனாலும், அடுத்தவர் இந்த மூன்று இலக்கத்தைப் பார்த்துவிட்டு மீதியை நிரப்பலாம்.

000-இலிருந்து மூன்று இடத்துக்குப் போகலாம்: மூன்றையும் படுக்க வைத்தால் 111; மேலே படுத்து கீழே நின்றால் 100; மேலே நின்று கீழே படுத்தால் 001. 111-இலிருந்து 000-க்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. 100-இல் கீழ் இரண்டு கட்டம் காலி. அங்கே ஒன்றை நிறுத்தினால் 000, இரண்டைப் படுக்க வைத்தால் 011. 011-இல் மேலே ஒரே கட்டம் காலி, அதில் படுக்கத்தான் முடியும், மறுபடி 100. இதன் கண்ணாடி பிம்பம் 001-உம் 110-உம்.

இனி எண்ணுவது வெறும் கூட்டல். 000-இல் ஒன்று என்று தொடங்கினேன். முதல் நிரல் முடிந்ததும் 111, 100, 001 மூன்றிலும் ஒவ்வொன்று. இரண்டாவது நிரலில் 000-இல் 3. 011-இலும் 110-இலும் ஒவ்வொன்று. அந்த இரண்டு ஒன்றுகள்தான் நான் தவறவிட்டவை. 3×2-ஐ முடிக்காமல் மூன்றாவது நிரலுக்குள் நடந்து போகிறவர்கள். மூன்றாவதில் 111-இல் 3, 100-இல் 4, 001-இல் 4. நான்காவதில் 000-க்கு வந்து சேர்பவை 3, 4, 4. மொத்தம் 11.

நடு இரவில் அந்தப் பதினொன்று தாளில் வந்தபோது அண்ணன் மகளை எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்தேன். எழுப்பவில்லை. 3×6 வரை போனேன்: 41. என் பழைய கணக்குப்படி 27 வந்திருக்கும். 3×8-க்கு 153, 3×10-க்கு 571.

இதையே ரெஜெக்ஸாக எழுதும்போது இன்னும் தெளிவாகிறது. வாய் மூடிய 3×2 துண்டு மூன்று: அவற்றுக்கு க, ச, ட. நான்கு நிரல் நீளமுள்ள, நடுவில் வெட்ட முடியாத துண்டு இரண்டு: த, ப. அவற்றை நடுவில் இன்னும் இரண்டிரண்டு நிரலாக இழுத்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ம. ஆக மொழி இது:

(க + ச + ட + (த + ப) ம*)*

கூட்டல் குறி 'அல்லது' என்பதற்கு. நட்சத்திரக் குறி 'எத்தனை முறை வேண்டுமானாலும், ஒருமுறைகூட இல்லாமலும்' என்பதற்கு. தர்க்கவியலாளர் ஸ்டீஃபன் கிளீனி 1956-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வழங்கும் செயல் அது. அங்கே அவர் நிறுவியது, இப்படிப்பட்ட கோவைகளும் நிலைகள் எண்ணிக்கை முடிவுள்ள ஆட்டோமேட்டன்களும் ஒரே வகை மொழிகளைத்தான் விவரிக்கின்றன என்பது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்தக் கோவையில் எழுத்துகளை எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் நீளத்தை மட்டும் வைக்கலாம். இரண்டு நிரலுக்கு ஜ (ஜோடி) என்று வைத்தால் க, ச, ட மூன்றும் சேர்ந்து 3ஜ. த, ப இரண்டும் 2ஜ². 'அல்லது' கூட்டலாகிறது, 'அடுத்து' பெருக்கலாகிறது, நட்சத்திரம் 1-ஐ (1 − உள்ளே இருப்பது) என்பதால் வகுப்பதாகிறது. ம* என்பது 1/(1−ஜ). மொத்தத்தையும் சுருக்கினால்:

(1 − ஜ) / (1 − 4ஜ + ஜ²)

இதை விரித்தால் 1, 3, 11, 41, 153, 571 என்று எண்கள் வரிசையாக உதிர்கின்றன. கீழே இருக்கும் 1 − 4ஜ + ஜ² சொல்வது, முந்தைய எண்ணை நான்கால் பெருக்கி அதற்கு முந்தையதைக் கழி என்பதுதான். 4 × 41 − 11 = 153. மொழியை எழுதினேன், விதி தானாக வந்தது. எனக்கு இது இன்றும் வியப்பு.

இதே ருசியில் அடுத்த வாரம் இன்னொரு கேள்வியை எடுத்தேன். உயரம் இரண்டு, டாமினோவோடு ஒற்றைக் கட்டக் கட்டைகளும் உண்டு. ஒரு நிரலை நிரப்ப 2 வழி, இரண்டு நிரலை நிரப்ப 7 வழி என்று வரைந்து பார்த்துக்கொண்டேன். இந்த ஒன்பது துண்டுக்கும் ஒவ்வொரு எழுத்து வைத்து, மேலே ஒரு நட்சத்திரம் போட்டேன். இப்படிச் சேர்த்தால் வேண்டிய நிரப்பல்களில் பல கிடைக்கும்தான். ஆனால் இரண்டு நிரலுக்கே விடை 11 என்று வந்தது. 7 என்று நானே வரைந்திருக்கிறேன்!

முதல்முறை குறைத்து எண்ணினேன், இம்முறை கூட்டி எண்ணினேன். காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு நிரல் துண்டு ஏழில் நான்கு, ஒரு நிரல் துண்டுகள் இரண்டை ஒட்டி வைத்தவைதான். அந்த நான்கு நிரப்பலுக்கும் இரண்டு விதமான எழுத்துக்கூட்டல் இருந்தது. நான் எண்ணியது எழுத்துக்கூட்டல்களை, நிரப்பல்களை அல்ல. வெட்ட முடியாத துண்டுகளை மட்டும் எழுத்தாக வைத்துக்கொண்டால் சரியாகிறது: ஒரு நிரலில் 2, இரண்டு நிரலில் 3, அதற்கு மேல் ஒவ்வொரு நீளத்திலும் 2. விடை 2, 7, 22, 71.

இதை எழுதுவதே இந்த ஓர் இடத்துக்காகத்தான். எழுத்துத் தொடரைச் சலிக்கும் வேலையில், ஒரு சொல் மொழியில் சேருமா சேராதா என்பதுதான் கேள்வி. ஒரே சொல் இரண்டு வழியில் சேர்ந்தாலும் பதில் ஆம்தான். அதனால் பல வருடம் நான் இந்தப் பல்பொருள்தன்மையைப் பொருட்படுத்தியதே இல்லை. எண்ண உட்கார்ந்த நிமிடத்தில் அதுதான் எல்லாம். ஒவ்வொரு நிரப்பலும் சரியாக ஒரே ஒருமுறை எழுத்துக்கூட்டப்பட வேண்டும். 1963-இல் மொழியியலாளர் சாம்ஸ்கியும் கணிதவியலாளர் ஷுட்சன்பர்கரும் எழுதிய கட்டுரையிலும் நிபந்தனை இதுவே: இலக்கணம், அதாவது மொழியின் சொற்களை உண்டாக்கும் விதிகள், குழப்பமில்லாததாக இருக்க வேண்டும், அப்போதுதான் அதிலிருந்து எண்ணிக்கையை நேராக வாசிக்கலாம்.

பொருட்படுத்தாததற்கு வேலையிலும் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன். நான் எழுதிய ஒரு ரெஜெக்ஸில் 'ஓர் இலக்கம், அல்லது ஓர் இலக்க ஜோடி, எத்தனை முறையும்' என்று இருந்தது. வரி முழுக்க இலக்கமாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடியும். ஒருநாள் நாற்பது இலக்கம் வந்து கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிய வரி வந்தது. புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. பொருந்தவில்லை என்று சொல்வதற்கு முன், அந்த நாற்பது இலக்கத்தையும் ஒன்றாகவும் இரண்டாகவும் பிரிக்கும் எல்லா வழியையும் அது முயன்று பார்த்தது. இரண்டாவது தேர்வை அழித்தேன். மொழி மாறவே இல்லை, ஆனால் உடனே ஓடியது. ஏன் என்று அப்போது ஆழமாக யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. 1×40 பட்டையை ஒற்றைக் கட்டையாலும் டாமினோவாலும் நிரப்பும் வழிகள் 16,55,80,141. அந்த மெஷின் அத்தனை நிரப்பலையும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இந்த முறை பட்டைக்கு உரியது. உயரத்தை நிலையாக வைத்துக்கொண்டால், எந்தக் கட்டைகளைக் கொடுத்தாலும், அவற்றின் வகைகள் முடிவுள்ளவையாக இருக்கும்வரை, விளிம்பு எடுக்கக்கூடிய வடிவங்கள் முடிவுள்ளவை. ஆகவே ஓர் ஆட்டோமேட்டன் உண்டு, ஆகவே முந்தைய எண்களிலிருந்து அடுத்த எண்ணைத் தரும் விதியும் உண்டு. நிரப்ப முடியுமா என்ற கேள்விக்கும் எப்போதும் விடை காணலாம். நீளம் கூடிக்கொண்டே போனால் ஏதோ ஒரு விளிம்பு திரும்ப வந்தே ஆக வேண்டும், வந்த இடத்திலிருந்து அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டலாம். தளம் முழுவதும் என்று போனால் இந்தப் பிடி நழுவிவிடுகிறது. ஓரங்களில் நிறம் பூசிய சதுரக் கட்டைகளைப் பற்றித் தர்க்கவியலாளர் ஹாவ் வாங் 1961-இல் எழுதியபோது, தளத்தை நிரப்பக்கூடிய எந்தத் தொகுதியும் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கில் நிரப்பும் என்று ஊகித்தார். அவரிடம் படித்த ராபர்ட் பெர்கர் 1966-இல் அது இல்லை என்று காட்டினார். ஒரு தொகுதி தளத்தை நிரப்புமா என்று எல்லாத் தொகுதிக்கும் தீர்த்துச் சொல்லும் முறையே இருக்க முடியாது என்றும் நிறுவினார். அவர் கட்டிய, திரும்ப வராத தொகுதியில் 20,426 வகைக் கட்டைகள். பின்னாளில் ஜான்டலும் ராவும் அதைப் பதினொன்று வரை குறைத்தார்கள். ஒரு பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும், மறுபக்கத்தைக் கட்டி வைத்தால் கூட்டல் தெரிந்த யாரும் எண்ணலாம். இரண்டு பக்கத்தையும் அவிழ்த்து விட்டால் கேள்விக்கே முறை இல்லை.

(டாமினோவுக்கு மட்டும் வேறொரு அதிர்ஷ்டம் உண்டு. எந்தச் செவ்வகத்துக்கும் விடை தரும் ஒரே சூத்திரத்தை 1961-இல் காஸ்டலைனும், தனியாக டெம்பர்லியும் ஃபிஷரும் கண்டுபிடித்தார்கள். 8×8 சதுரங்கப் பலகைக்கு விடை 1,29,88,816. அது 3604-இன் வர்க்கம். ஆனால் அந்த வழி டாமினோவின் தனிக் குணத்தை நம்பியிருக்கிறது. என் ஏழைக் கூட்டல் எந்தக் கட்டைக்கும் ஓடும்.)

அண்ணன் மகளுக்கு ஆட்டோமேட்டன் படத்தைக் காட்டினேன். மூன்று இலக்கத்துக்கு எட்டு நிலை இருக்க வேண்டும். நான் வரைந்ததில் ஆறுதான் இருந்தது. 010, 101 இரண்டுக்கும் அம்பே வரவில்லை. அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தனியாகக் கிடக்கின்றன. "ஏன் அங்க போக முடியல?" என்று கேட்டாள். அம்புகளைப் பார், வழி இல்லை என்றேன். அது வழி இல்லை என்பதைச் சொல்கிறதே தவிர, ஏன் என்பதைச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. அவள் படத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று நாள் கழித்து நோட்டோடு வந்தாள். இந்த முறை கட்டைகளுக்கு நிறம் தீட்டவில்லை. கட்டங்களுக்கே சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளை தீட்டியிருந்தாள். எந்த டாமினோவும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். அதனால் எந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாலும், மூடிய கறுப்பும் மூடிய வெள்ளையும் சமமாக இருக்க வேண்டும். 101-இல் நீட்டிக்கொண்டிருக்கும் மேலும் கீழும் ஒரே நிறம். கட்டங்களின் எண்ணிக்கை இரட்டையாக வர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இரட்டை எண்ணிக்கையில் நிரல்கள் இருக்க வேண்டும், அவை ஏற்கெனவே சமம். ஆக ஒரு நிறம் இரண்டு கூடிவிடுகிறது. 010-க்கு முன்னால் ஒற்றைப்படை நிரல்கள். அவற்றில் ஒரு கறுப்பு அதிகம், நீட்டும் நடுக்கட்டமும் கறுப்பு. மறுபடி இரண்டு கூடுகிறது.

நான் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"நாலு வரிசைக்குப் பதினாறு நிலை எழுதவேண்டாம் அத்தை. எல்லா நிரலும் சமம், அதனால நீட்டுறதும் சமமா இருக்கணும். ஆறுதான் தேறும்."

0000, 1100, 0110, 0011, 1001, 1111. உட்கார்ந்து அம்பு வரைந்தேன். ஆறுக்கும் வழி இருந்தது, ஏழாவது வரவில்லை. அந்த ஆறில் கூட்டிக்கொண்டே போனோம், ஆளுக்கு ஒரு நிரலாக: 1, 5, 11, 36. நான்காவது நிரலின் 36-ஐ அவள் எழுதினாள்.